வலிக்கும் ஒரு கணக்குப் புத்தகம்

(திருவண்ணாமலையில் நடந்த கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், "பெண்களும் உடல்நலமும்" என்ற தலைப்பில் நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அவர் கேட்டுக்கொண்டபடி பெயர் வெளியிடவில்லை. பேச்சுநடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



நான் உட்கார்ந்துகிட்டே பேசுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நடுவுல எழுந்து நின்னாலும் நிப்பேன். ஒரே மாதிரி உட்கார்ந்தால் இருபது நிமிஷத்துக்கு மேல் எனக்கு முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் இன்னைக்குச் சொல்ல வந்திருக்கேன்.

உங்கள்ல பலருக்கு என்னைக் கிரிவலப் பாதையில இட்லிக்கடை வெச்சிருந்தவளாத்தான் தெரியும். குழுவில் வாங்கின முதல் கடன்லதான் அந்தக் கடை. பௌர்ணமின்னா ராத்திரி பூராவும் நின்னபடி வியாபாரம். வீட்டில் பெரிய கிரைண்டர். அந்தக் கல்லை ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை தூக்கி எடுத்துக் கழுவி வைக்கணும். ஒரு நாள் அப்படித் தூக்கும்போது இடுப்புல சுரீர்னு ஒரு பிடிப்பு. அதோட ஆரம்பிச்சது. முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துதுன்னு ஸ்கேன் பார்த்துச் சொன்னாங்க. ஆபரேஷனும் ஆச்சு. ஆபரேஷன் முடிஞ்சு நாலு மாசம் நல்லாத்தான் இருந்தேன். அப்புறம் இடது கால்ல எரிச்சல். மிளகாய் அரைச்ச கையைக் கால் பூரா தேய்ச்ச மாதிரி. ராத்திரி புடவை பட்டாலே எரியும். இப்போ ஏழு வருஷம் ஆகுது.

அபராதம் கட்டிய கதை

இந்த ஏழு வருஷத்துல முதல் மூணு வருஷம் நான் யார்கிட்டயும் சொல்லல. பொம்பளைக்கு இடுப்பு வலி வராதா, எல்லாருக்கும் வர்றதுதானே என்று நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். மெடிக்கல் ஷாப்புல போய் நின்னால், என்ன ஏதுன்னு கேட்காமல் வலி மாத்திரை தருவாங்க. ஒண்ணு, ரெண்டாச்சு. ரெண்டு, மூணாச்சு. வெறும் வயித்துல போடுவேன். கடைசியில ஒரு நாள் கறுப்பா, தார் மாதிரி வெளிக்குப் போச்சு. மயங்கி விழுந்துட்டேன். வயித்துல புண்ணாகி ரத்தம் கசிஞ்சிருக்குது. ரத்தம் ஏத்திப் பொழைக்க வெச்சாங்க.

சகோதரிகளே, டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் நாலைந்து நாளுக்கு, மருத்துவர் சொல்லிப் போட்டால் நல்ல மருந்து. மாசக்கணக்கில் நாமே வாங்கிப் போட்டால் வயிற்றையும் கெடுக்கும், கிட்னியையும் கெடுக்கும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருக்கிறவங்களுக்கு இன்னும் சீக்கிரம் கெடுக்கும். எனக்குச் சர்க்கரையும் இருக்குது.

அந்த நாட்களில் குழுக் கூட்டத்துக்கு நான் சரியா வரல. தரையில் பாய் போட்டு ஒரு மணி நேரம் உட்கார முடியாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு "விருந்தாளி வந்துட்டாங்க"ன்னு பொய் சொல்லுவேன். விதிப்படி எனக்கு அபராதம் போட்டாங்க. பதினோரு தடவை கட்டியிருக்கேன். குழுமேல குத்தம் சொல்லல. விதி விதிதான். நான் வாயைத் திறந்திருந்தால் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பாங்க. அவ்வளவுதான் விஷயம். ஒரு நாற்காலிக்குப் பதிலா பதினோரு அபராதம்.

மணி அடிக்கிற வலி, நிக்காத வலி

ரத்தம் ஏத்தினதுக்கு அப்புறம்தான் ஒழுங்கான மருத்துவத்துக்குப் போனேன். வேலூருக்குப் போகச் சொன்னாங்க. அங்கே ஒரு மருத்துவர் எனக்கு வலின்னா என்னன்னு பாடம் மாதிரி சொல்லிக்கொடுத்தார்.

நம்ம கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர் பால் பிராண்ட் என்ற வெள்ளைக்கார டாக்டர். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்குக் கை, கால் ஆபரேஷன் செய்தவர். தொழுநோய்க்காரர்களின் விரல் தானாக அழுகி விழுவதாக அந்தக் காலத்தில் எல்லாரும் நினைச்சாங்க. அவர் கவனிச்சுப் பார்த்து, வலி தெரியாததுதான் காரணம்னு எடுத்துச் சொன்னார். சூடான பாத்திரத்தைப் பிடிச்சாலும் தெரியாது, ஆணி குத்தினாலும் தெரியாது, தூக்கத்துல எலி கடிச்சாக்கூடத் தெரியாது. புண் மேல புண்ணாகித்தான் விரல் போகுது. அப்படின்னா வலி நமக்குக் காவல்காரன். கையை எடு, காலை எடுன்னு மணி அடிக்கிறான்.

ஆனால் சில பேருக்குத் தீ அணைஞ்ச பிறகும் மணி நிக்காது. காயம் ஆறியிருக்கும். நரம்பும் தண்டுவடமும் மூளையும் அடிச்சுக்கிட்டே இருக்கும். மூணு மாசத்துக்கு மேல் தொடரும் வலியை நாள்பட்ட வலி என்கிறாங்க. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடமே கொடுத்திருக்குது. அந்த மருத்துவர் இதைச் சொன்னபோது நான் அழுதுட்டேன். "நடிக்கிறா", "வேலைக்குப் பயந்துக்கிறா"ன்னு கேட்டுக் கேட்டு, ஒருவேளை நாம நடிக்கிறோமோன்னு எனக்கே சந்தேகம் வந்திருந்த நேரம் அது.

அவர் எழுதிக்கொடுத்தது அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரை, ராத்திரிக்கு. ஊருக்கு வந்து ஒருத்தர்கிட்ட காட்டினேன். "ஐயையோ, இது மனநோய்க்காரங்க போடுறது"ன்னு சொன்னாங்க. பயந்து நிறுத்திட்டேன். மூணு மாசம் வீணாப் போச்சு. உண்மை என்னன்னா, அது மனச்சோர்வுக்குன்னு வந்த மாத்திரைதான். ஆனால் குறைஞ்ச அளவில் கொடுத்தால் நரம்பு வலியையும் குறைக்கும். கபாபென்டின், பிரிகாபலின் என்ற மருந்துகள் வலிப்பு நோய்க்கும் கொடுக்கிறவை, நரம்பு வலிக்கும் கொடுக்கிறவை. தலைசுத்தல், தூக்கக் கலக்கம் வரும். அதனால மெதுவா ஏத்தணும். நிறுத்தணும்னாலும் மருத்துவரைக் கேட்டு மெதுவாத்தான் குறைக்கணும்.

உடம்புக்குள்ள கரண்ட் பெட்டி

மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் சேர்ந்து வலி கொஞ்சம் குறைஞ்சது. ஆனால் போகல. போன வருஷம் உறவுக்காரர் ஒருவர் சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போனார். அங்கேதான் இந்தக் கருவியைப் பத்திச் சொன்னாங்க. தண்டுவடத் தூண்டல் கருவின்னு பேர்.

நமக்கு "கரண்ட் வைக்கிறது" தெரியும். பிசியோதெரபியில் இடுப்பில் பட்டையை ஒட்டிக் குறுகுறுன்னு விடுவாங்க. அதே யோசனையை உடம்புக்குள்ள கொண்டுபோறதுதான் இது. முதுகில் ஊசி வழியா மெல்லிய கம்பியை விட்டு, தண்டுவடத்துக்கு வெளிப்பக்கம் வைப்பாங்க. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசா ஒரு பேட்டரிப் பெட்டியை இடுப்புக்குக் கீழே தோலுக்கடியில் தைச்சுடுவாங்க. ரிமோட் வெச்சுக் கூட்டலாம், குறைக்கலாம். மனநல ஆஸ்பத்திரியில் கொடுக்கிற ஷாக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எங்க அம்மா அப்படித்தான் நினைச்சு ஒரு வாரம் சாப்பிடல.

வலிக்கு மின்சாரம் வைக்கிறது புதுசு இல்லையாம். சுமார் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ரோமாபுரி வைத்தியர் ஒருவர் தலைவலிக்கும் கால் வாத வலிக்கும் ஷாக் அடிக்கிற திருக்கை மீனை வைக்கச் சொல்லி எழுதியிருக்கார். இந்தக் காலத்துக்கு வந்தால், 1965-இல் மெல்சாக், வால் என்ற ரெண்டு அறிஞர்கள் ஒரு விளக்கம் சொன்னாங்க. முழங்கால் இடிச்சுக்கிட்டால் நாம என்ன செய்யறோம்? உடனே தேய்ச்சு விடுறோம். வலி கொஞ்சம் அடங்குது. தண்டுவடத்தில் ஒரு வாசக்கதவு இருக்கிற மாதிரி, தொடு உணர்ச்சி நிறையப் போனால் வலிக்கு வழி குறையுதுன்னு சொன்னாங்க. அதை வெச்சு 1967-இல் அமெரிக்காவில் நார்மன் ஷீலி என்ற டாக்டர், புற்றுநோய் வலியில் தவிச்ச ஒருவருக்கு முதன்முதலா இந்த மாதிரிக் கருவியைப் பொருத்தினார்.

இதில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்குது. எடுத்தவுடனே உள்ளே தைக்க மாட்டாங்க. முதலில் கம்பியை மட்டும் உள்ளே வெச்சு, பேட்டரியை வெளியே இடுப்பில் கட்டிக்கிட்டு, ஒரு வாரம் போல வெள்ளோட்டம் பார்ப்பாங்க. வலி பாதியாவது குறைஞ்சால்தான் அடுத்தது. இல்லைன்னா கம்பியை உருவி எடுத்துடலாம்.

செலவு? எனக்குச் சொன்ன மதிப்பீடு ஏழரை லட்சம்.

நான் அன்னைக்கு இருந்த நிலைமையில் எழுபது லட்சம்னு சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாம், மகள் காலேஜ் பீஸுக்குச் சேர்த்ததை எடுக்கலாம், மீதிக்கு மீட்டர் வட்டிக்கு வாங்கலாம் என்று பஸ்ஸில் வரும்போதே கணக்குப் போட்டுட்டேன். பத்தாததுக்குக் குழுவில் கேட்கலாம்னு அந்த வாரக் கூட்டத்துக்குப் போனேன். அன்னைக்குத்தான் முதல் தடவையா எல்லாத்தையும் வாய்விட்டுச் சொன்னேன்.

குழு கேட்ட கேள்விகள்

எல்லாரும் அழுவாங்க, ஆறுதல் சொல்லுவாங்கன்னு எதிர்பார்த்தேன். எங்க ஊக்குநர் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து வெச்சுக்கிட்டாங்க. "மாடு வாங்கக் கடன் கேட்டாலே எத்தனை படி கறக்கும், தீவனத்துக்கு என்ன பண்ணுவே, மாடு செத்தா என்ன பண்ணுவேன்னு கேட்கிறோம். இதுக்குக் கேட்க வேணாமா?" என்று கேட்டாங்க. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்னைக்கு எழுதின கேள்விகள்தான் என்னைக் காப்பாத்துச்சு. அவற்றை எடுத்துக்கிட்டு மறுபடியும் வேலூருக்குப் போய், ஒவ்வொண்ணா டாக்டரிடம் கேட்டேன். கேள்வியையும் கிடைச்ச பதிலையும் சொல்றேன்.

1. இது என் வலிக்கு ஏத்ததா? இந்தக் கருவி முக்கியமா நரம்பு வலிக்கு. ஆபரேஷனுக்குப் பிறகும் விடாமல் காலில் ஓடுகிற எரிச்சல், சர்க்கரையால் வரும் கால் நரம்பு வலி, இப்படிச் சிலதுக்கு. சாதாரண மூட்டுத் தேய்மானத்துக்கோ, வேலை அலுப்பால் வரும் இடுப்பு வலிக்கோ இல்லை. இங்கிலாந்து அரசின் மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2008-இல் சொன்னது, மற்ற சிகிச்சைகள் பார்த்தும் ஆறு மாசமாவது நரம்பு வலி கடுமையா நீடிக்கணும், வெள்ளோட்டத்திலும் பலன் தெரியணும் என்பது.

2. நிஜமாகவே வேலை செய்யுமா? இங்கே ரெண்டு பேச்சு இருக்குது. 2007-இல் வந்த ஆய்வில், முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் வலி போகாத 100 பேரைப் பார்த்தாங்க. ஆறு மாசம் கழிச்சு, கருவி வெச்சவங்கள்ல 48 சதவீதம் பேருக்குக் கால்வலி பாதிக்குப் பாதி குறைஞ்சது. மருந்து முதலிய வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவங்கள்ல 9 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் கருவி இருக்குதா இல்லையான்னு எல்லாருக்கும் தெரியும். 2022-இல் நார்வே நாட்டில் வேறு விதமாப் பார்த்தாங்க. 50 பேருக்கும் கருவியை வெச்சுட்டு, அவங்களுக்குத் தெரியாமலேயே மூணு மாசம் ஓட விட்டும், மூணு மாசம் நிறுத்தியும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. ஓடினதுக்கும் நின்னதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல. 2023-இல் 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அறிக்கையும், இடுப்பு வலிக்கு இதனால் நீடித்த பலன் இருக்கிறதா நிரூபணம் இல்லைன்னு சொல்லுச்சு. வலி மருத்துவர்கள் பலர் அதை ஒத்துக்கல. எங்களுக்குத் தெரிஞ்ச நோயாளிகள் நடக்கிறாங்களேன்னு சொல்றாங்க. இந்த ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நாம முடிவெடுக்கணும்.

3. கெட்டுப்போனால்? தைச்ச இடத்தில் கிருமி பிடிக்கலாம். கம்பி நகர்ந்துவிடலாம். பெட்டி இருக்கிற இடமே வலிக்கலாம். அப்போ மறுபடி ஆபரேஷன். 2008-லிருந்து பத்து வருஷத்தில் அமெரிக்க அரசுக்கு இந்தக் கருவிகளைப் பத்தி 80,000-க்கு மேல் புகார் அறிக்கைகள் வந்திருக்குதுன்னு 2018-இல் பத்திரிகையாளர்கள் எடுத்துப் போட்டாங்க. ஒவ்வொரு அறிக்கையும் கருவியின் தப்புன்னு அர்த்தம் இல்ல. ஆனால் ஆபத்தே இல்லைன்னு சொன்னால் நம்பக் கூடாது. நம்ம நாட்டிலும் உடம்புக்குள் வைக்கும் கருவிகளால் வரும் கெடுதலைப் பதிவு செய்ய 2015-லிருந்து மத்திய அரசின் திட்டம் இருக்குது. கெடுதல் ஆனால் பதிவு செய்யுங்கன்னு நாமே டாக்டரிடம் கேட்கலாம்.

4. பேட்டரி எத்தனை நாள்? சார்ஜ் பண்ண முடியாத வகை சில வருஷத்தில் தீரும். அப்போ பெட்டியை மாத்த ஆபரேஷன், மறுபடி செலவு. சார்ஜ் பண்ணுற வகை பத்து வருஷம் போல வரும், விலை கூட. அதைத் தோல் மேலேயே வெச்சு ஒழுங்கா சார்ஜ் பண்ணிக்கணும்.

5. வெச்ச பிறகு எது கூடாது? எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் முன்னால் கட்டாயம் சொல்லணும். சில கருவிகளோடு எடுக்கலாம், சிலதோடு எடுக்கவே கூடாது. பிசியோதெரபியில் டயாதெர்மி என்று ஒரு சூட்டுச் சிகிச்சை இருக்குது. அது கண்டிப்பா கூடாது, உள்ளே இருக்கிற கம்பி சூடேறி உயிருக்கே ஆபத்து. மெட்டல் டிடெக்டர் கதவு உள்ள இடத்தில் கருவி அட்டையைக் காட்டணும்.

6. வீட்டு வேலைக்கு யார்? கம்பி நகராமல் இருக்க முதல் சில வாரங்கள் குனியக் கூடாது, முறுக்கித் திரும்பக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. இதைக் கேட்டவுடனே என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

7. சர்க்கரை? கட்டுப்பாட்டில் இல்லைன்னா கிருமி பிடிக்கிற வாய்ப்பு கூட. எனக்கு மூணு மாசச் சராசரி ரத்தப் பரிசோதனையில் அளவு அதிகமா இருந்தது. முதல்ல அதை இறக்கிட்டு வான்னு சொன்னாங்க.

கடைசிக் கேள்வியை டாக்டரிடம் கேட்க முடியல. அது எனக்கே கேட்ட கேள்வி. எங்க குழுவில் ஒரு வயசான அம்மா, கையெழுத்துப் போடக் குழுவில்தான் கத்துக்கிட்டாங்க. அவங்க கேட்டாங்க: "ஏம்மா, வெள்ளோட்டத்துக்கு நகையை வெச்சுப் போயிடுவே. வலி குறைஞ்சிடுச்சுன்னு வெச்சுக்கோ. ஒரு வாரம் சொர்க்கத்தைப் பார்த்துட்டு வந்து, மீதிப் பணத்துக்கு எங்க போவே? அப்போ நீ எந்த வட்டிக்கும் கையெழுத்துப் போடுவியே!"

எனக்குப் பதில் வரல. வெள்ளோட்டம் தோத்துப் போகும்னு மட்டும்தான் நான் பயந்துக்கிட்டிருந்தேன். ஜெயிச்சாலும் ஆபத்து இருக்குதுன்னு அந்த அம்மா சொன்ன பிறகுதான் உறைச்சது.

நாற்பது பக்க நோட்டு

அன்னைக்குக் குழு ஒரு தீர்மானம் போட்டுச்சு. மூணு மாசம் நான் வலிக்குக் கணக்கு எழுதணும். அதுக்குள்ள ஆஸ்பத்திரியில் முழுச் செலவையும் எழுதி வாங்கணும், காப்பீட்டுப் பிரிவில் இந்தக் கருவிக்குப் பணம் கிடைக்குமான்னு பேச்சா இல்லாமல் எழுத்தா கேட்டு வாங்கணும்.

நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கினேன். தேதி, எத்தனை மணி நேரம் தூங்கினேன், எத்தனை நிமிஷம் நின்னேன், என்ன தூக்கினேன், என்ன மாத்திரை, வலி பத்துக்கு எத்தனை. அவ்வளவுதான். வரவு செலவு எழுதத் தெரிஞ்ச நமக்கு இது கஷ்டமே இல்ல.

ஒரு மாசத்தில் நோட்டு பேச ஆரம்பிச்சது. வலி எப்பவும் ஒரே மாதிரி இருக்குதுன்னு நினைச்சிருந்தேன். இல்ல. கிரைண்டர் கல் தூக்கின நாளுக்கு மறுநாள் எட்டு. தூங்காத ராத்திரிக்கு மறுநாள் எட்டு. வலி குறைஞ்ச நாளில், விட்டுப்போன வேலையை எல்லாம் ஒரே மூச்சில் முடிச்சால் அதுக்கடுத்த மூணு நாள் ஒன்பது. பிசியோதெரபிஸ்ட் இதைப் பார்த்துட்டு, "வலி வந்த பிறகு நிறுத்தாதீங்க, வர்றதுக்கு முன்னால நிறுத்துங்க"ன்னு சொன்னாங்க. இருபது நிமிஷத்தில் வலி வரும்னால் பதினைந்து நிமிஷத்தில் உட்காரு. கொஞ்சம் கொஞ்சமா அதைக் கூட்டு.

கிரிவலத்துக்கு வர்றவங்களைப் பாருங்க. பதினாலு கிலோமீட்டரையும் ஒரே ஓட்டமா யாரும் போறதில்ல. இந்திர லிங்கத்தில் கும்பிட்டு, அக்னி லிங்கத்தில் நின்னு, எம லிங்கத்தில் தண்ணி குடிச்சு, எட்டு லிங்கத்திலும் நின்னு நின்னுதான் சுத்தி வர்றாங்க. வீட்டு வேலையையும் இனிமே அப்படித்தான் செய்யணும்னு எனக்கு விளங்குச்சு.

குழுவில் பதினெட்டாயிரம் உள்கடன் கொடுத்தாங்க. டில்டிங் கிரைண்டர் வாங்கினேன். கல் தூக்கும் வேலை போச்சு. கடையில் நிக்கிறதை விட்டுட்டு மாவு பாக்கெட் போட்டு விக்கிறேன். லாபம் முன்னைவிடக் குறைவுதான், மறைக்கல. ஆனால் தவணை தவறல.

"மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்டில் தொடங்கினது உங்களுக்குத் தெரியும். அதில் வீடு வீடா வர்ற மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் நம்ம மாதிரிக் குழுவில் இருந்து போனவங்கதான். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரையோட, நடக்க முடியாதவங்களுக்கு வீட்டுக்கே பிசியோதெரபியும் அதில் உண்டு. என் சர்க்கரை இறங்கினதுக்கு எங்க தெரு தன்னார்வலர் தங்கச்சிதான் காரணம். மாத்திரை முடியும் முன்னால வாசல்ல வந்து நிப்பாள்.

இப்போ நான் எங்கே நிக்கிறேன்

நோட்டுப்படி, ஏழில் இருந்த வலி இப்போ அஞ்சுல நிக்குது. போயிடல. சில ராத்திரி பழையபடி எரியுது. அந்த ராத்திரிகளில் அந்தக் கருவி ஞாபகம் வரும். வேணாம்னு நான் சொல்லல. என் காலில் இருப்பது நரம்பு வலி, வெள்ளோட்டம் பார்க்கத் தகுதி இருக்குதுன்னுதான் ரெண்டாவதா பார்த்த மருத்துவரும் சொன்னார். காப்பீட்டுப் பிரிவில் எழுதிக் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. மீதிப் பணத்துக்கு வழி தெரிஞ்ச பிறகுதான் வெள்ளோட்டம். வீட்டுப் பத்திரமும் மகள் பீஸும் பீரோவில் இருந்து வெளியே வராது. இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். வெள்ளோட்டம் போனால் எது வெற்றின்னும் எழுதியாச்சு: வலி பாதியாகணும், ராத்திரி அஞ்சு மணி நேரம் தூங்கணும், இந்திர லிங்கத்தில் இருந்து அக்னி லிங்கம் வரைக்கும் உட்காராமல் நடக்கணும். இப்போ நடுவுல ரெண்டு இடத்துல உட்கார்ந்து போறேன், ஆட்டோவில் திரும்பி வர்றேன்.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருத்தர் இருந்தாங்க. 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போச்சு. அதுக்கப்புறம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செஞ்சாங்க. அவங்க முயற்சியில் 1966-இல் அங்கே மறுவாழ்வு மையம் திறந்தாங்க. 1972-இல் பத்மஸ்ரீ கிடைச்சது. அவங்க கால் குணமாகவே இல்ல. குணமாகிறது ஒண்ணு, வாழ்றது ஒண்ணு. முதலாவது வர்ற வரைக்கும் ரெண்டாவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்று அவங்க கதையைக் கேட்டப்போ எனக்குத் தோணுச்சு.

முடிக்கும் முன்னால் மூணு விஷயம்.

ஒண்ணு, ஆபத்து அறிகுறி. முதுகு வலியோட திடீர்னு கால் பலம் குறைஞ்சாலோ, மறைவிடத்தைச் சுத்தி மரத்துப்போனாலோ, மூத்திரம், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, மூத்திரம் வராமல் அடைச்சாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க. அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, தேவைன்னா 108-க்குப் போன் போடுங்க. வலியோட காய்ச்சலோ, காரணம் இல்லாமல் உடம்பு இளைக்கிறதோ இருந்தாலும் உடனே காட்டுங்க.

ரெண்டு, யாராவது உங்ககிட்ட பெரிய செலவு சிகிச்சை சொன்னால், நல்லதோ கெட்டதோ, அன்னைக்கே தலையாட்டாதீங்க. எழுதி வாங்கிட்டு வந்து குழுவில் வைங்க. இன்னொரு மருத்துவரையும் கேளுங்க.

மூணாவது, கூட்டமைப்புக்கு என் கோரிக்கை. ஒவ்வொரு குழுவிலும் ரெண்டு நாற்காலி வாங்கணும். உடம்பு முடியலைன்னு சொல்ற உறுப்பினருக்கு அபராதம் போடும் முன்னால, ஒருத்தர் அவங்க வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வரணும். இதைத் தீர்மானமாக வைக்கும்படி தலைவி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இருபது நிமிஷம் தாண்டிடுச்சு, கால் சொல்லுது. 

(நாற்காலியும் அபராதமும் குறித்த கோரிக்கை அன்றைய கூட்டத்திலேயே தீர்மானமாக வைக்கப்பட்டு, ஏகமனதாக நிறைவேறியது.)